ஐந்து வீதப் புல்லாங்குழல்

மண்டபத்துக்குள் போய் இருந்ததும் நான் முதலில் தேடியது டிரம்ஸைத்தான். மேடையில் அது இல்லை. ஒரு மைக், தாங்கிகளில் சாய்த்து வைத்த இரண்டு கிற்றார், உயரமான ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு கிளாஸ் தண்ணீர். அவ்வளவுதான். ஊரில் திருவிழாக் காலத்தில் இசைக்கோஷ்டியின் வான் வழியில் பழுதாகி நின்றுவிட்டால் மேடை இப்படித்தான் வெறிச்சென்று கிடக்கும். லவுட்ஸ்பீக்கர்காரர் மட்டும் ஏறி நின்று மைக்கைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருப்பார்.

“மற்ற ஆக்கள் எங்கை?” என்று மகளிடம் கேட்டேன்.

“எந்த மற்ற ஆக்கள்?”

“கோஷ்டி.”

“கோஷ்டி இல்லையப்பா. இவர் தனியத்தான். எப்பவும் தனியத்தான்.”

அவள் சொன்னது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் இருவரும் இரண்டு வேறு மனிதர்களைப் பார்க்க வந்திருந்தோம். ஆள் என்னவோ ஒருவர்தான், கொலின் ஹே. மகளுக்கு அவர் 2002இல் ‘ஸ்க்றப்ஸ்’ என்ற அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடரில் கிற்றாரும் கையுமாக நோயாளிகளுக்கு நடுவே பாடிக்கொண்டு திரிந்த மொட்டைத்தலைக் கிழவர். பிறகு 2004இல் ‘கார்டன் ஸ்டேட்’ படத்தின் இசைத்தட்டில் அவருடைய பாட்டொன்று வந்தது. பல்கலைக்கழக நாட்களில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் கேட்பாள். மனிதர் ஒரு காலத்தில் ஐந்து பேர் கொண்ட கோஷ்டியின் முன்னால் நின்று பாடியவர் என்பது அவளுக்கு அப்பாவின் பழைய கதைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

எனக்கோ அவர் ‘மென் அற் வேர்க்’ கோஷ்டியின் பாடகர். 1983 ஜனவரியில் அவர்களுடைய ‘பிஸினஸ் அஸ் யூசுவல்’ இசைத்தட்டும் ‘டவுண் அண்டர்’ பாட்டும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஒரே நேரத்தில் முதலிடத்தில் இருந்தன. அமெரிக்காவில் அந்த இசைத்தட்டு மொத்தம் 15 வாரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மெல்பேர்ணில் ஒரு தவறணையின் மூலையில் வாசித்துக்கொண்டிருந்த பெடியன்களுக்கு நடந்தது இது. அடுத்த மாதம் அமெரிக்காவில் சிறந்த புதிய கலைஞர்களுக்கான கிராமி விருதும் கிடைத்தது. மூன்று வருடம் போகவில்லை, கோஷ்டி கலைந்துவிட்டது.

விளக்கு மங்கியது. மனிதர் தானே நடந்து வந்து, ஒரு கிற்றாரை எடுத்து மாட்டி, முறுக்காணியைத் திருகிக்கொண்டே பேசத் தொடங்கினார். பாட்டுத் தொடங்கப் பத்து நிமிடமாவது போயிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் நான் வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன்.

---

1982இல் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு பறங்கி அன்ரி வீட்டின் பின்னறையில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். மூவருமே கிளறிக்கல் உத்தியோகம். அறைக்குள் மூன்று கட்டில் போட்ட பிறகு நடக்க இடமில்லை. யன்னலுக்கு அந்தப் பக்கம் ரெயில் பாதை, அதற்கும் அந்தப் பக்கம் கடல். பாணந்துறை ரெயில் போகும்போது சுவரில் கொழுவியிருந்த சேர்ட்டெல்லாம் ஆடும்.

அன்ரியின் மகன் அறுபதுகளிலேயே குடும்பத்தோடு மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போக வெள்ளைத் தோலோ அதற்குச் சாட்சி சொல்லும் பரம்பரைப் பத்திரமோ வேண்டும். பறங்கியரிடம் அந்தப் பத்திரம் இருந்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக அவர்கள் போனார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு சரியாகத் திறந்தது 1973இல்தான். மேடையில் நின்ற மனிதர்கூட ஒரு குடியேற்றக்காரர். ஸ்கொட்லாந்தில் கில்வின்னிங் என்ற ஊரில் பிறந்து, சோல்ற்கோற்ஸ் என்ற கடலோரச் சிற்றூரில் தாய் தகப்பன் நடத்திய வாத்தியக்கடைக்குள் வளர்ந்து, 1967இல் 14 வயதில் அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். அதே வருடம் அன்ரியின் ஒழுங்கையிலிருந்து எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்று அன்ரி விரல் மடித்துச் சொல்லுவா.

மெல்பேர்ணிலிருந்து அன்ரிக்கு வருடத்தில் இரண்டு பார்சல் வரும். நத்தாருக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. 1982 நத்தார்ப் பார்சலில் ஒரு வெஜிமைற் போத்தலும், பேரன் பதிவு செய்து அனுப்பிய ஒரு கசெற்றும் இருந்தன. அன்ரி போத்தலை வைத்துக்கொண்டு கசெற்றை எங்களிடம் தந்தா. “மை கோட், திஸ் இஸ் நொட் மியூசிக்” என்பது அவவின் தீர்ப்பு. ஜிம் றீவ்ஸுக்குப் பிறகு ஒருவரும் பாடவில்லை என்பது அவவின் உறுதியான கொள்கை.

வெஜிமைற் என்ற சொல் அந்தப் பாட்டுக்குள்ளேயே வருகிறது. அதனால் அதைச் சாப்பிட்டுப் பார்த்தேயாக வேண்டுமென்று அறைச் சினேகிதன் ஒற்றைக்காலில் நின்றான். அன்ரி பாணில் மெல்லிதாகப் பூசி, மூன்று துண்டாக வெட்டி, பிரசாதம் மாதிரித் தந்தா. எங்களுக்கு அது மாமைற்றின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. அதைச் சொன்னதில் அன்ரிக்குக் கோபம். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைக்கவும் அவ விடமாட்டா.

சினேகிதன் கரவெட்டிப் பக்கம். சின்ன வயதில் குரக்கன் தோட்டத்தில் கிளி கலைக்கும் வேலை அவனுக்கு. அதிலேயே சீக்காய் அடிக்கப் பழகினவன். விரலை வாயில் வைத்து அடிக்கும் சந்தைச் சீக்காய் அல்ல இது. உதட்டைக் குவித்து நாக்கால் சுருதி பிடித்து அடிப்பது. ஆபேரியும் வரும், பைலாவும் வரும். ‘டவுண் அண்டர்’ பாட்டில் ஒரு புல்லாங்குழல் வரும். கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கேளாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. பாட்டுக்காரன் வாய் மூடும் இடமெல்லாம் அது குறும்புக்காரப் பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். முதல் தரம் கசெற் ஓடி முடிந்தபோதே அவன் அதைப் பிடித்துவிட்டான். பிறகு எங்கள் அறையில் ஒரு வழக்கம் வந்தது. நான் மேசையில் தாளம், மற்றவன் வாய்க்கு வந்த ஆங்கிலத்தில் பாட்டு, புல்லாங்குழல் அவனுடையது. காலையில் கிணற்றடியில் பல் விளக்கும்போதுகூட அந்தத் துண்டு வரும். பாணந்துறை ரெயில் குறுக்கிட்டால் அவன் நிறுத்தி, ரெயில் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவான்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. தமிழருக்கெதிரான கலவரம் எங்கள் ஒழுங்கைக்கும் வந்த நாள். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் இரண்டு விசயம் மட்டும் சொல்கிறேன். அன்ரி கேற்றில் நின்று, வந்தவர்களிடம் இந்த வீட்டில் தமிழர் இல்லை என்று சிங்களத்தில் ஏசினா. எண்பது வயதை நெருங்கிய மனுசி, நைற்கவுணோடு. நாங்கள் பின்னறையில் கட்டிலுக்கடியில் கிடந்தோம். முன் ஒழுங்கையில் எரிந்த புகை யன்னலால் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது, அடுத்த நாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போகும்போது சினேகிதன் கசெற்றை எடுக்கவில்லை. எடுக்க நேரமிருந்தது. “பேந்து வந்து எடுப்பம்” என்றான். முகாமிலிருந்து கப்பலேறி வடக்கே காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் ஒரு சாரமும் அடையாள அட்டையும் இருந்தன. அவனிடம் அதுவும் இல்லை.

பேந்து போகவில்லை.

---

மேடையில் மனிதர் ‘ஓவர்கில்’ பாடிக்கொண்டிருந்தார். நித்திரை வராத ஒருவனின் பாட்டு அது. 1983இல் வந்தபோது அதில் ஒரு சாக்ஸபோன் இருந்தது. அதையும் வாசித்தவர் புல்லாங்குழல்காரரான கிறெக் ஹாம்தான். இப்போது கிற்றார் மட்டும். அந்த வயதில் அந்த உச்சக் குரல் எப்படி வருகிறது என்று நான் யோசித்தேன். கடைசிப் பகுதியில் ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் பாடுகிறார். கோஷ்டியோடு இருந்த காலத்தில் குரல் எத்தனையோ வாத்தியங்களுக்கு நடுவே ஒன்று. இங்கே அது பிசகினால் பிடித்து நிறுத்த ஆளில்லை. முன்னூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அது ஏறுவதைப் பார்த்திருந்தோம், வேலியில் நடக்கும் பூனையைப் பார்ப்பது போல. மகள் கண்ணை மூடியிருந்தாள்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பேச்சு. உண்மையைச் சொன்னால் பேச்சுத்தான் கூட. பாதி அவுஸ்திரேலியன், பாதி ஸ்கொட்டிஷ் உச்சரிப்பில், தன்னைத்தானே நக்கலடித்துக்கொண்டு கதை சொல்வார். எங்கள் ஊர் வில்லிசைக்காரர்கள் கதையை எங்கோ கொண்டுபோய் விட்டு, சனம் மறந்த நேரம் பாட்டோடு திரும்பி வருவார்கள். அந்த வித்தை இவரிடமும் இருக்கிறது. கோஷ்டி கலைந்த பிறகு தனியாக வெளியிட்ட முதல் இசைத்தட்டு எடுபடவில்லை, ஒப்பந்தம் போட்ட கொம்பனி கைவிட்டது. 1989இல் லொஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். குடியை விட்டார். அங்கே லாகோ என்ற சின்ன அரங்கில், ஒரு கிற்றாரோடு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு முன்னால் வாரக்கணக்கில் நின்றார். 15 வாரம் முதலிடத்தில் இருந்தவன் பதினைந்து பேருக்குப் பாடுவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதற்கு எத்தனை வருடம் எடுத்திருக்கும்? ‘ஸ்க்றப்ஸ்’ தொடரின் நடிகர் சாக் பிராஃப் அவருடைய பாட்டுக்கு ரசிகரானது அந்தக் காலத்தில்தான். அதாவது, என் மகளை அவரிடம் கொண்டு வந்து சேர்த்தது அந்த வெறும் கதிரைகள்.

நான் மெல்பேர்ணில் வந்திறங்கியது 1986இல். கோஷ்டி கலைந்த சூடு ஆறவில்லை. பகலில் பிளாஸ்ரிக் தொழிற்சாலை, இரவில் கணக்கியல் வகுப்பு. தொழிற்சாலை றேடியோவில் ‘டவுண் அண்டர்’ கிழமைக்கு நாலு தரமாவது போகும். இந்த நாட்டுக்கு அது அதற்குள் இன்னொரு தேசிய கீதமாகிவிட்டிருந்தது. 1983 செப்ரெம்பர் 26இல் ‘அவுஸ்திரேலியா 2’ என்ற பாய்க்கப்பல், 132 வருடமாக அமெரிக்கர் கைவிடாமல் வைத்திருந்த அமெரிக்கக் கிண்ணத்தைப் பறித்தது. அந்த வெற்றிக்கும் இந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். அந்த நாளில் நான் யாழ்ப்பாணத்தில் சங்கக்கடைக் கியூவில் நின்றிருப்பேன். அந்த வருடத்தைப் பற்றி இங்குள்ளவர்கள் கண் மின்னக் கதைக்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்துவிடுவேன். ஒரே வருடம்தான், ஆளுக்கொரு கலண்டர்.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை றிச்மண்டுக்கு ரெயில் எடுத்துப் போய் கிறிக்கற்றேர்ஸ் ஆர்ம்ஸ் என்ற தவறணையைத் தேடிக் கண்டுபிடித்தேன். கோஷ்டி தொடக்க காலத்தில் வாரா வாரம் வாசித்த இடம். உள்ளே பியர் ஊறிய கம்பளத்தின் மணம், குதிரைப் பந்தயம் ஓடும் தொலைக்காட்சி, இரண்டு கிழவர். எந்த மூலையில் வாசித்தார்கள் என்று கேட்க ஆங்கிலமும் துணிவும் போதவில்லை. ஒரு லெமனேட் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அன்றிரவு சினேகிதனுக்கு ஐந்து பக்கக் கடிதம் எழுதினேன். அவன் அப்போது யேர்மனியில். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, சுரங்க ரெயிலில் மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். அகதி முகாமிலிருந்து பதில் வந்தது. ‘மூலை எதுவென்று கேட்காமல் வந்தாயே, விசரா’ என்று ஒரே வரி.

அன்ரியையும் ஒரு தரம் பார்த்தேன். 1984இலேயே மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். டண்டினோங் பக்கத்தில் ஒரு வீட்டில், மடியில் போர்வையோடு யன்னலோரம் இருந்தா. என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. பின்னறை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சீக்காய் அடிக்கிற பெடியனோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டா. இல்லை, மற்றவன் என்றேன். கசெற் அவவிடம் இருந்தது, பத்திரமாக. மருமகள் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டேன். இரண்டு பக்கமும் ஜிம் றீவ்ஸ். மேலே பதிவு செய்திருக்கிறா மனுசி.

---

அவர் அந்தப் பாட்டைத் தொடங்கியது எனக்கு உடனே பிடிபடவில்லை. இவ்வளவு மெதுவாக நான் அதைக் கேட்டதில்லை. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவே ஒரு நடை. மண்டபத்தில் யாரோ விசிலடிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த மெதுநடையை நான் சோடனை என்றுதான் முதலில் நினைத்தேன், வயதான பாடகர்கள் பழைய பாட்டை இழுத்துப் பாடுவது போல. ஆனால் பாட்டின் வரலாறு வேறு. 1978இல் கோஷ்டி பிறக்க முன்னம் ஹேயும் றொன் ஸ்றைக்கேர்ட் என்ற கிற்றார்காரரும் மட்டும் சோடியாக வாசித்துத் திரிந்தார்கள். ஸ்றைக்கேர்ட் வீட்டில் போத்தல்களுக்குள் வெவ்வேறு அளவில் தண்ணீர் விட்டு, தட்டி, ஒரு சின்ன நடையை நாடாவில் பதிந்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் உண்டு, ஜலதரங்கம். அந்தப் போத்தல் சத்தத்தைக் கேட்டுத்தான் ஹே பாட்டைப் பிடித்தார். புல்லாங்குழல் பிறகு, கிறெக் ஹாம் சேர்ந்த பின்னால் வந்தது. ஆகவே இந்த மேடையில் நடந்தது பாட்டிலிருந்து கழித்தல் அல்ல. பாட்டு தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தது. நாட்டை ஏலம் போட்டு விற்கிறார்களே என்ற கவலையில் எழுதியது என்று ஹே பல தரம் சொல்லியிருக்கிறார். கொடியைச் சுற்றிக்கொண்டு துள்ளியவர்களுக்கு அது கேட்கவேயில்லை. எனக்கும் கேட்கவில்லை. இந்த வேகத்தில் கேட்டது.

ஆனால் பாட்டுக்காரர் வாய் மூடிய இடத்தில், அந்தக் குறும்புப்பிள்ளை எட்டிப் பார்க்கவேண்டிய இடத்தில், ஒன்றும் வரவில்லை. கிற்றார் அந்த இடத்தைச் சும்மா கடந்து போனது. நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தின் விலை எனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை கணக்காளனாக இருந்தவன் நான், வீதங்களோடு சீவித்தவன். அதன் விலை ஐந்து வீதம்.

அது இன்னொரு கதை. மேரியன் சின்கிளேயர் என்ற மெல்பேர்ண் ஆசிரியை 1930களில், குழந்தைகள் சுற்றுமுறையாகப் பாட, கம் மரத்தில் இருக்கும் குக்கபராவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் பாடுவார்கள். என் மகள் முதலாம் வகுப்பில் பழகி வந்து, குசினிக்குள் தாயைச் சுற்றிச் சுற்றி அதைப் பாடுவாள். முன்னறையில் நான் ‘டவுண் அண்டர்’ போட்டிருப்பேன். இரண்டு பாட்டும் ஒரே வீட்டுக்குள் வருடக்கணக்கில் அக்கம்பக்கமாக இருந்தன. ஒரு நாளாவது எனக்குச் சந்தேகம் வந்ததா? இல்லை. 1988 வரை உயிரோடு இருந்த அந்த ஆசிரியையும் வழக்கென்று ஒன்றும் போடவில்லை. 2007இல் தொலைக்காட்சியில் ஒரு இசைப் போட்டி நிகழ்ச்சி. இந்தப் புல்லாங்குழலுக்குள் எந்தக் குழந்தைப் பாட்டு இருக்கிறது என்று கேட்டார்கள். அதோடு விசயம் வெளியே வந்தது. உரிமையைப் பிறகு வாங்கி வைத்திருந்த பதிப்பு நிறுவனம் நீதிமன்றம் போனது.

கேட்டது நாற்பதிலிருந்து அறுபது வீதம். 2010 பெப்ரவரியில் தீர்ப்பு, ஜூலையில் தொகை. 2002இலிருந்து வரும் வருமானத்தில் ஐந்து வீதம். மேன்முறையீடும் தோற்றது. வழக்கில் பாட்டின் வீடியோவைக்கூட எடுத்துக்காட்டினார்கள். அதில் ஹாம் ஒரு கம் மரக்கிளையில் ஏறி இருந்து புல்லாங்குழல் ஊதுவார். வேடிக்கைக்காகச் செய்தது, சாட்சியாகப் போனது. என் தொழில் மூளைக்கு ஐந்து வீதம் நியாயமான தொகையாகத்தான் பட்டது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மகளிடம் அப்படித்தான் சொன்னேன். “அப்பா, அவையளுக்கு அது காசில்லை” என்றாள் அவள். தீர்ப்புக்குப் பிறகு ஹாம், பிறர் பாட்டைத் திருடியவன் என்றுதான் தன்னை இனி உலகம் நினைவு வைத்திருக்குமே என்று மனம் உடைந்து சொல்லியிருந்தார். 2012 ஏப்ரல் 19இல் கார்ல்ற்றன் நோர்த்தில் தன் வீட்டில் அவர் இறந்து கிடக்கக் கண்டார்கள். வயது 58.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது 2000 ஒக்ரோபர் முதலாம் திகதி, சிட்னி ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில், தொலைக்காட்சியில்தான். ஹேயும் அவரும் அதே பாட்டோடு மேடையில். வீடு நிறையச் சனம், கொத்துரொட்டி, சத்தம். அந்தக் களேபரத்தில் சினேகிதனுக்கு யேர்மனிக்குப் போன் எடுத்து, றிசீவரைத் தொலைக்காட்சிப் பக்கம் பிடித்தேன். புல்லாங்குழல் வரும் இடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து சீக்காய் கேட்டது. தொலைபேசித் தாமதத்தில் ஒரு மாத்திரை பிந்தி.

மண்டபத்தில் இரண்டாவது தரமும் அந்த இடம் வந்தது. இப்போது பின்வரிசையில் ஒரு பெண்குரல் அந்தத் துண்டை மெல்ல முனகியது. பக்கத்தில் இன்னொருவர். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வாய் திறக்காமலே சனம். மேடையில் மனிதர் தலை நிமிர்த்தவில்லை. கிற்றாரின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினார். நாதஸ்வரக்காரர் தவில்காரருக்கு இடம் விட்டு ஒதுங்குவதுபோல. எனக்குத் தொண்டை அடைத்தது. முனக வரவில்லை. எங்கள் கோஷ்டியில் நான் தாளம் மட்டும்தானே. முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் என் கையைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

---

வெளியே நல்ல குளிர், மழைத் தூறல். மகள் காரை எடுத்து வரப் போனாள். ட்ராம் தரிப்பிடத்தின் கூரைக்குக் கீழ் நின்று போனை எடுத்தேன். இங்கே இரவு பதினொரு மணி, அங்கே பின்னேரம் மூன்று. அவன் இப்போது குசினி வேலையெல்லாம் விட்டு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருகிற உத்தியோகத்தில் இருக்கிறான்.

“எங்கை நிக்கிறாய்? வாகனச் சத்தம் கேக்குது” என்றான்.

சொன்னேன். யாரைப் பார்க்கப் போனேன், தனியத்தான் பாடினார், டிரம்ஸ் இல்லை, மெதுவாகப் பாடினார் என்றெல்லாம். அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“புல்லாங்குழல்?”

“இல்லை.”

“ஆருமே இல்லையோ?”

“சனம் முனகிச்சுது.”

“சரியாய் முனகிச்சினமோ?”

“ஒரு மாதிரி. நீ ஒருக்கா அடியன்.”

“விசரா, எனக்கு முன்பல் ரெண்டும் போய் மூண்டு வருசம். கட்டுப்பல்லடா. காத்து நிக்காது.”

“பரவாயில்லை, அடி.”

“பொறு. கழட்டிப்போட்டுப் பாக்கிறன்.”

போனை எங்கோ வைக்கும் சத்தம். ஒரு பிள்ளை யேர்மன் மொழியில் என்னவோ கேட்டது, அவன் என்னவோ சொன்னான். தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது. பிறகு போன் திரும்பவும் அவன் கையில்.

முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரமும் காற்று. மூன்றாவதில் நடுவே ஒரு சுரம், பிறகு ஓட்டை, பிறகு ஒன்று. என் பக்கத்தில் சென் கில்டா ட்ராம் தண்டவாளத்தில் கீச்சிட்டுக்கொண்டு வந்து நின்று, ஆட்களை இறக்கியது. கதவு மூடி மணியடித்துக்கொண்டு போகும்வரை அவன் நிறுத்திக்கொண்டான். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.